கண்ணாடியை ஆட்டியவர்

அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார் என்று தெரிந்துகொள்ள அவருடைய மனைவிக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. அவர்கள் இருந்தது இரண்டாம் மாடி. மரப்படியின் முதல் தட்டில் அவர் காலை வைத்தாரென்றால் மேலே தையல் மெஷினில் இருக்கிற நூல்கண்டு சுற்றும். அவள் துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து அடுப்பைப் பற்றவைத்துத் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள். அவர் ஏறி வந்து, மூச்சு வாங்கி, செருப்பைக் கழற்றி, முகம் கழுவி உட்காரும்போது டம்ளர் முன்னால் வந்துவிடும். கீழ்வீட்டில் அவளுடைய தம்பி குடியிருந்தான். அவனுக்கும் சங்கதி தெரிந்துவிடும். தலைக்கு மேல் தொங்கும் விளக்கைப் பார்த்து, "மாமா வந்துட்டாரு. பல்பு வணக்கம் சொல்லுது" என்பான்.

ஆள் அப்படி. உயரமும் உண்டு, அகலமும் உண்டு. எங்கே உட்கார்ந்தாலும் நாற்காலி ஒரு வார்த்தை பேசும். அதைப் பற்றி அவருக்கு வருத்தமெல்லாம் இல்லை. பலமான ஆளுக்கென்று உலகத்தில் வேலைகள் இருக்கின்றன, அதில் ஒன்று தனக்குக் கிடைத்திருக்கிறது என்று நிம்மதியாக இருந்தவர்.

வேலை, ஊருக்கு வெளியே இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பம்ப் மெக்கானிக். தண்ணீர் இறைக்கிற பம்ப் இல்லை, காற்றை இறைக்கிற பம்ப். ஆள் தவழ்ந்து போகலாம் என்கிற அளவுக்குப் பருத்த இரண்டு எஃகுக் குழாய்கள் அங்கே ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீண்டு கிடந்தன. ஒரே ஒளியை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு குழாயில் அனுப்புவார்கள். குழாயின் கோடியில் தொங்கும் கண்ணாடியில் மோதி அது திரும்பி வரும். வந்த இரண்டையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தால், எந்தக் கண்ணாடி எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். தலைமுடியை லட்சம் கூறாக வகிர்ந்து அதில் ஒரு கூறு நகர்ந்தாலும் தப்பாது. இன்டர்ஃபெரோமீட்டர் என்பது அந்த ஏற்பாட்டின் பெயர். பம்ப்காரர் வாயில் அது நுழையாது. "நம்ம குழாய்" என்பார். ஒளி போகிற வழியில் காற்று இருக்கக் கூடாது. அந்தக் காற்றை வெளியேற்றுவதுதான் அவர் பொறுப்பு.

பம்பின் மேல் அவருக்கு இருந்த பிரியத்தைப் பற்றி நிறையக் கேலி உண்டு. காலையில் வந்ததும் அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு கூடியிருந்தால், "ராத்திரி சரியாத் தூங்கலையா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு எண்ணெய் மாற்றுவார். அவர் முடுக்கிய ஆணியில் காற்று கசிந்ததாகச் சரித்திரம் இல்லை.

இத்தனை இருந்தும் அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர் பூகம்பம். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். முகத்துக்கு நேரே பம்ப் அண்ணன். ஆனால் தரையில் விழுகிற ஊசியின் சத்தத்துக்கே முகம் சுளிக்கிற இடத்தில், அந்த உடம்பை வைத்துக்கொண்டு நடக்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

முதலில் அது வெறும் கேலியாகத்தான் இருந்தது. அது பழியாக மாறியது டாக்டரம்மா வந்த பிறகு.

டாக்டரம்மா என்றால் வைத்தியர் இல்லை. ஒளியைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கிய இளம்பெண். அவள் குடியிருந்த தெருவில் பாதிப்பேர் அவளிடம் இருமலுக்கு மருந்து கேட்டுப் பார்த்து ஏமாந்தவர்கள். கெட்டிக்காரி, வேலையில் கறார். அவள் வந்ததும் ஒரு கோடியிலிருந்த கண்ணாடியை மாற்றினாள். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சின்னக் கண்ணாடியை, கண்ணுக்கே தெரியாத கண்ணாடி இழையில் தொங்கவிட்டாள். அதற்கு எதிரே இன்னொரு கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே ஒளியைப் பூட்டிவைத்து, அந்த ஒளியாலேயே பொத்தான் கண்ணாடியை அசையாமல் பிடித்து நிறுத்துவது அவள் திட்டம். ஒளி எதன் மேல் விழுந்தாலும் அதைக் கொஞ்சம் தள்ளும். நம் மேல் வெயில் விழுந்தாலும் தள்ளத்தான் செய்கிறது, நமக்குத் தெரிவதில்லை. அந்தப் பொத்தானுக்குத் தெரியும்.

தினமும் நடந்தது இதுதான். பம்ப்காரர் காற்றை இறைத்து முடிப்பார். பெரிய பம்ப் தடதடவென்று ஆடுகிற ஜாதி, அதை ஓடவிட்டுக்கொண்டு அளக்க முடியாது. ஆகவே அவர் குழாயோரமாக நடந்து போய் வால்வை மூடுவார், பம்பை நிறுத்துவார், சத்தமில்லாத சின்னப் பம்பை மட்டும் விட்டுவிட்டு வந்த வழியே வெளியே போவார். கதவு சாத்தப்படும். கட்டுப்பாட்டு அறையில் டாக்டரம்மா ஒளியைக் கூட்டுவாள். திரையில் ஒரு வெள்ளைப் பொட்டு வந்து நிற்கும். எல்லோரும் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொட்டு லேசாக ஆடத் தொடங்கும். ஆட்டம் அடங்காது, வளரும். வளர்ந்து வளர்ந்து ஒரு கட்டத்தில் பொட்டு திரையை விட்டே ஓடிவிடும். அன்றைய வேலை அம்போ.

குழாயின் அடியில் தரையதிர்வைப் பதிவுசெய்கிற கருவி ஒன்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா அது வரைந்த கோட்டைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும், கண்ணாடி ஆடுவதற்குக் கொஞ்சம் முன்னால், தொம் தொம் என்று ஒரு வரிசை. வேறு யாருடைய கால் அப்படிப் பதியும்?

கூட்டத்தில் அவள் அதைச் சொன்னாள். துவேஷம் எதுவும் கிடையாது, பார்த்ததைச் சொன்னாள். "அவர் நடந்துட்டுப் போனதும்தான் சார் ஆட ஆரம்பிக்குது. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, எல்லா நாளும்." தலைவராக இருந்த பெரிய சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பம்ப்காரர் தன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அவர் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை, ஏனென்றால் அவரே நம்பிவிட்டார். திரையில் காட்டினார்களே, தொம் தொம் என்று. அது தன் கால்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் நடக்கக் கற்றுக்கொண்டார். அந்த வயதில், அந்த உடம்போடு. முதலில் ரப்பர் அடி வைத்த செருப்பு வாங்கினார். பிறகு குழாயோரமாக நுரைமெத்தை விரிக்கச் சொன்னார்கள், விரித்தார். அதிலும் சரிவராமல், குதிகாலைத் தரையில் வைக்காமல் விரல் நுனியில் நடக்கப் பழகினார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், ஆனால் கெண்டைச்சதை ராத்திரி முழுக்க வலித்தது.

பழக்கம் பொல்லாதது, ஆபீஸ் வாசலோடு நின்றுவிடாது. தெருவில் அப்படி நடந்தார், கடையில் அப்படி நின்றார், வீட்டுப் படியிலும் அப்படி ஏறினார். ஒருநாள் மனைவி தைத்துக்கொண்டிருக்கும்போது அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்பது தெரிந்து அவள் போட்ட கூச்சலில் கீழே இருந்து தம்பி கரண்டியோடு ஓடிவந்தான்.

"ஏங்க, பூனை மாதிரி வந்து நிக்கிறீங்களே. ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"வழக்கமா வர்ற மாதிரிதான் வந்தேன்."

"எங்க வந்தீங்க? படி ஒண்ணும் சொல்லலையே."

தம்பி கரண்டியை இறக்கினான். "மாமா, நேத்துல இருந்து பல்பு ஆடல. உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். அன்றைக்குத் தேநீர் அவர் வந்து வெகுநேரம் கழித்து வந்தது. மறுநாளும். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் வந்து நின்று, இருமி, அவள் திரும்பிப் பார்த்து, தைக்கிற தையலை முடித்து, எழுந்து போய்த் தண்ணீர் வைப்பாள். சின்ன விஷயம்தான். ஆனால் தன் வீட்டுக்குள் தானே இருமிக்கொண்டு நுழைகிற மனிதனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இவ்வளவு செய்தும் கண்ணாடி ஆடியது. அவர் எத்தனை மெதுவாக நடந்தாலும் அந்தக் கருவி மோப்பம் பிடித்துவிடும். கோடு முன்பைப் போல எகிறாது, ஆனால் இருக்கும். "இருக்குதே அண்ணா" என்பாள் டாக்டரம்மா, அவளுக்கே கஷ்டமாக இருக்கும். இன்னும் ஒரு கொடுமை உண்டு. தன் காலால் ஆகிற கெடுதலைக் கையால் ஈடுகட்டலாம் என்று அவர் பம்பைச் சீராட்டி, முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் காற்றை உறிஞ்சி எடுத்தார். காற்று இருந்தவரை ஆடுகிற கண்ணாடியை அந்தக் காற்றே கொஞ்சம் தேய்த்து அடக்கிக்கொண்டிருந்தது. அவர் அதையும் எடுத்துவிட்டார். கண்ணாடி இன்னும் சொகுசாக ஆடியது.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அந்த வெள்ளைப் பொட்டு ஒரு நிமிஷமாவது அசையாமல் நிற்பதைப் பார்க்க வேண்டும். குழாய் போட்ட நாளிலிருந்து அங்கே இருப்பவர், ஆனால் பொட்டு வரும் நேரத்தில் அவர் வெளியே போயாக வேண்டும். ஒருமுறை கேட்டே விட்டார். "நானும் உள்ள வந்து ஒருவாட்டி பாக்கட்டுமா?"

யாரோ பதில் சொன்னார்கள். "நீங்க வந்தா அது எப்படி அண்ணே நிக்கும்?"

அவர் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு பம்பிடம் போய்விட்டார்.

கடைசியில் மாற்றல் உத்தரவு வந்தது. கொதிகலன் அறைக்கு. வளாகத்தின் மறுகோடியில், கட்டடங்களுக்கு வெந்நீரும் சூடும் அனுப்புகிற இடம். சம்பளத்தில் குறைவில்லை, மரியாதைக்குக் குறைவில்லை, பெரிய சார் கூப்பிட்டுப் பக்குவமாகத்தான் சொன்னார். "அங்க நீங்க எப்படி வேணா நடக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." ஆறுதலாகச் சொன்னதுதான். அவருக்கு அது ஊசியாக இறங்கியது. பழி என்ன கால்செருப்பா, வாசலில் கழற்றிவிட்டுப் போக? போகிற இடத்துக்கும் கூடவே வரும். இனி இந்த ஊரில் அவர் இருக்கிறவரை, வேலையைக் கெடுத்ததால் அனுப்பப்பட்ட ஆள் என்றுதான் அவரைச் சொல்வார்கள்.

வீட்டில் சில நாள் மென்று விழுங்கினார். மனைவிக்கா தெரியாது? சோற்றைப் பிசைகிற கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"பாய்லர் ரூமுக்கு மாத்திட்டாங்க."

"எதுக்கு?"

"நான் நடந்தா கண்ணாடி ஆடுதாம்."

"நீங்கதான் இப்ப நடக்கறதே இல்லையே" என்றாள். "மிதந்துக்கிட்டுல்ல இருக்கீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சோற்றை அப்படியே வைத்துவிட்டார். எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டார்.

பம்புக்குப் புதிதாக வந்த ஆள் குச்சி மாதிரி. பலமாகக் காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய தேகம். அவன் வால்வை மூடிவிட்டுப் போனால் தரைக்கருவியில் கோடு லேசாகச் சிலிர்க்கும், அவ்வளவுதான். எல்லோரும் திருப்தியாக உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா ஒளியைக் கூட்டினாள். பொட்டு வந்தது, ஆடியது, வளர்ந்தது, ஓடியது.

அன்றைக்கு லிஃப்டின் மேல் சந்தேகம் விழுந்தது. லிஃப்டை நிறுத்தினார்கள். எல்லோரும் படியேறி மூச்சு வாங்கினார்கள், கண்ணாடி ஆடியது. அடுத்தது கேன்டீன் மிக்ஸி. அப்புறம் புல்வெட்டுகிற மெஷின். அப்புறம் சாலையில் போகிற லாரி. குற்றவாளியைத் தேடித் தேடி வளாகத்தில் அசைகிற எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. தோட்டக்காரரிடம் கத்தரிக்கோலை மெதுவாகப் பயன்படுத்தச் சொன்னதாகக்கூட ஒரு பேச்சு.

டாக்டரம்மாவுக்கு உறுத்த ஆரம்பித்தது. ஒரு விடுமுறை நாள் காலையில், கட்டடத்தில் ஈ காக்கை இல்லாதபோது, அவள் தனியாக வந்தாள். வால்வை முந்தின நாளே மூடச் சொல்லியிருந்தாள். குழாய்க் கூடத்துக்குள் காலே வைக்கவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே ஒளியைக் கூட்டினாள். தரைக்கருவியின் கோடு வரைந்து வைத்தது போல நேராக ஓடியது. லிஃப்ட் இல்லை, மிக்ஸி இல்லை, மனிதனே இல்லை.

பொட்டு மெல்ல ஆடத் தொடங்கியது.

ஒளியைக் குறைத்தாள், ஆட்டம் அடங்கியது. கூட்டினாள், வளர்ந்தது. குறைத்தாள், கூட்டினாள். காலையில் போட்டுவைத்த காபி ஆடை கட்டிக் கிடந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. யார் ஆட்டுகிறார்கள் என்று ஊரெல்லாம் தேடியாகிவிட்டது. ஆட்டியது அவள் கையிலிருந்த ஒளியேதான். பம்ப்காரர் நடந்து முடித்த பிறகுதான் தினமும் அந்த ஒளியைக் கூட்டியிருக்கிறார்கள். அவர் முன்னால் போனார், ஆட்டம் பின்னால் வந்தது. அவர் போனதால் வந்தது என்று அவள் எழுதிவைத்துவிட்டாள்.

மறுநாள் வேலைநேரத்தில் அவள் கொதிகலன் அறைக்கே போனாள். பம்ப்காரர் அழுத்தமானியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே அவரை யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை, இருந்தும் அவர் விரல் நுனியில்தான் நின்றுகொண்டிருந்தார். அவள் அதைப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க இல்ல" என்றாள்.

"என்னம்மா?"

"கண்ணாடியை ஆட்டினது நீங்க இல்ல. லைட்டு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் துணியை மடித்து வைத்தார். "லைட்டு எப்படிம்மா ஆட்டும்? புடிச்சு நிறுத்தறதுக்குத்தானே அதைப் போடறீங்க?"

"புடிக்கறதும் அதுதான், ஆட்டறதும் அதுதான்." அவள் சுற்றுமுற்றும் பார்த்து ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். "பார்க்குல ஊஞ்சல் தள்ளியிருக்கீங்களா?"

"பொண்ணு சின்னதா இருக்கும்போது."

"ஊஞ்சல் உங்களைப் பார்த்து வரும்போதே கையால தடுத்தா என்ன ஆகும்?"

"நின்னுடும்."

"கொஞ்சம் லேட்டா, அது திரும்பிப் போக ஆரம்பிச்சப்பறம் தள்ளினா?"

"இன்னும் ஒசரமாப் போகும்."

"அதான். கண்ணாடி நகரும்போது லைட்டோட தள்ளுற பலமும் மாறும். ஆனா ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல லைட்டு நெறையவாட்டி போய் வந்துதான் சேரணும். அதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகுது. அதனால தள்ளு ஒரு துளி லேட்டா வருது. லேட்டா வர்ற தள்ளு ஆட்டத்தை வளர்க்குது. நான் லைட்டைக் கூட்டக் கூட்ட ஊஞ்சலை நானே தள்ளிட்டு இருந்திருக்கேன்."

பம்ப்காரர் யோசித்தார். கொதிகலன் உள்ளே கொதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்குக் கோபம் வந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் கத்துகிற கோபம் இல்லை.

"ஒரு வருஷமா நான் குதிகாலைத் தரையில வெக்கலம்மா" என்றார். "என் வீட்டுப் படியிலகூட."

அவளுக்குக் கண் கலங்கியது. மன்னிப்புக் கேட்டாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "அப்ப லைட்டை எடுத்துடுவீங்களா?" என்று கேட்டார்.

"எடுத்தா வெளியில நடக்கற எல்லாத்துக்கும் அது ஆடும். இன்னொரு லைட்டு போடப்போறேன். சின்னது. முதல் லைட்டோட நிறத்தை ஒரு துளி ஒரு பக்கமா நகர்த்தி வெச்சிருக்கேன்னா, இதோட நிறத்தை மறுபக்கமா நகர்த்தி வெப்பேன். இதுவும் லேட்டாத்தான் தள்ளும். ஆனா இந்தப் பக்கத்துல வெச்சா அந்தத் தாமதம் ஆட்டத்துக்கு எதிரா வேலை செய்யும். பெருசு புடிச்சுக்கும், சிறுசு அடக்கும்."

"பெருசு சத்தம் போடும், சிறுசு சமாதானம் பண்ணும்" என்றார் பம்ப்காரர். "எங்க வீட்ல அப்படித்தான், நானும் அவளும்." கோபம் தீரவில்லை, ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

இரண்டாவது ஒளியை ஏற்றிச் சரிசெய்யச் சில வாரங்கள் ஆயின. எல்லாம் முடிந்து சோதிக்க வேண்டிய நாள் வந்தது. கண்ணாடிக்கு வெளியிலிருந்து ஒரு நல்ல உதை கொடுத்து, நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்றே அதிரும் மெஷின் ஒன்று ஸ்டோரில் இருந்தது. அதைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள் டாக்டரம்மா.

"பம்ப் அண்ணன் நடக்கணும். அன்னிக்குக் கூட்டத்துல யார் யார் இருந்தாங்களோ அவங்க எல்லாரும் பாக்கணும்."

பெரிய சார் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "கூப்பிடுங்க" என்றார்.

பம்ப்காரர் வந்தார். நுரைமெத்தையை எடுத்திருந்தார்கள், வெறும் தரை பளபளத்தது. தன் பழைய பம்பின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார். குச்சிப்பையன் நன்றாகத்தான் வைத்திருந்தான், அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஒலிபெருக்கியில் டாக்டரம்மாவின் குரல் வந்தது.

"முதல்ல பெரிய லைட்டு மட்டும் போட்டிருக்கேன் அண்ணா. நல்லா அழுத்தி நடங்க."

நடந்தார். தரைக்கருவியில் கோடு லேசாகச் சிலிர்த்தது.

"இன்னும் அழுத்தி."

அவர் அழுத்தத்தான் பார்த்தார். கால் கேட்கவில்லை. ஒரு வருஷம் பழக்கிய கால், குதிகால் தரையைத் தொடுவதற்கு முன்னால் தானாகவே மேலே போனது. கட்டுப்பாட்டு அறையில் யாரோ லேசாகச் சிரித்தது ஒலிபெருக்கியில் கேட்டது. அவர் நடுக்கூடத்தில் நின்றார். காது சூடானது. திரும்பக் கொதிகலனுக்கே போய்விடலாம் என்று தோன்றியது. நடந்ததற்காகப் பழி சுமந்தாயிற்று. இப்போது நடக்கத் தெரியாதென்று இன்னொரு பழியா?

"அண்ணா" என்றது ஒலிபெருக்கி, இந்தத் தடவை மெதுவாக. "வீட்டுப் படி ஏறுங்க."

அவர் கண்ணை மூடினார். மரப்படி, மேலே தையல் மெஷின், கீழே ஆடுகிற பல்பு. காலைத் தூக்கி வைத்தார்.

தொம்.

கட்டுப்பாட்டு அறையில் கோடு திரையின் விளிம்பைத் தொட்டது. தொம், தொம், தொம் என்று கோடிவரைக்கும் போய் அங்கேயே ஆணியடித்தது போல நின்றார். பொட்டு ஆடியது. அவர் நின்றுவிட்டார், ஆட்டம் நிற்கவில்லை. வளர்ந்தது. தரைக்கோடு ஓய்ந்து நேராகிவிட்டது, பொட்டு மேலும் மேலும் விரிந்து ஆடியது. அத்தனை பேரும் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பொட்டு ஓடிப்போனது.

"நான் நின்னுட்டேன்மா" என்றார் அவர் கூடத்திலிருந்து, யாரும் கேட்காமலே.

"தெரியுது அண்ணா. எல்லாரும் பாத்துட்டோம்."

அடுத்ததாக இரண்டாவது ஒளியையும் போட்டார்கள். "இப்ப வாங்க" என்றாள். இந்தத் தடவை அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த நீளக் கூடத்தை, குழாய் போட்ட நாளில் எப்படி நடந்தாரோ அப்படி, முழுக்காலையும் ஊன்றி நடந்தார். கோட்டுக்குத் தலைகால் புரியவில்லை. பொட்டு ஒருமுறை நடுங்கியது. அப்புறம் நின்றது.

அவர் நடந்துகொண்டே இருந்தார். கூடத்தைத் தாண்டினார், கதவைத் தள்ளினார், கட்டுப்பாட்டு அறைக்குள்ளேயே வந்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை. டாக்டரம்மா எழுந்து தன் நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார், நாற்காலி ஒரு வார்த்தை பேசியது. திரையில் பொட்டு அப்படியே இருந்தது. சின்ன வெள்ளைப் பொட்டு, வேறொன்றும் இல்லை. அதை அவர் நிறையநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம், அதோடு இத்தனை நாள் சுமந்ததை நினைத்து ஒரு துக்கமும்.

பெரிய சார் பின்னால் நின்றுகொண்டு, "அந்த மாற்றல் ஆர்டரை நான் திரும்ப வாங்கிக்கிறேன்" என்றார். "அந்தப் புதுப் பையனுக்கும் வேலை இருக்கு. பம்பு ரெண்டு இருக்கே."

"வாங்கிக்குங்க சார்" என்றார் பம்ப்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். நினைப்பெல்லாம் அந்தப் பொட்டின் மேலேயே இருந்ததால் கால் தன் புதுப் பழக்கப்படி விரல் நுனியில் ஏறத் தொடங்கிவிட்டது. பாதிப் படியில்தான் உணர்ந்தார். நின்றார். திரும்பிக் கீழே இறங்கினார், மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல், முதல் படிக்கு. அங்கிருந்து ஏற ஆரம்பித்தார்.

கீழ்வீட்டுக் கதவு திறந்தது. மைத்துனன் தலையை நீட்டினான். அவன் முதுகுக்குப் பின்னால் பல்பு ஆடிக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான். மேலே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, பிறகு குழாயில் தண்ணீர் பிடிக்கிற சத்தம்.

அவர் மேலே வந்து, மூச்சு வாங்கி, செருப்பைக் கழற்றினார். இருமவில்லை. அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள். திரும்பவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க" என்றாள். "இத்தனை நாளா எங்க போயிருந்தீங்க?"